‘யூஸ்ட் டு’ எங்கே வரும், எங்கே வராது?

“ஐ யூஸ்ட் டு டேக் பிபி டேப்லெட்ஸ் டெய்லி.” தினமும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு நம்மில் பலர் இப்படிச் சொல்கிறோம். நம் ஊர் டாக்டருக்குப் புரிந்துவிடும், அவரே அப்படிப் பேசுபவராக இருக்கலாம். லண்டனிலோ டொரன்டோவிலோ உள்ள டாக்டரிடம் சொன்னால், “எப்போது நிறுத்தினீர்கள்?” என்று கேட்பார். அவர் காதில் விழுந்தது ‘முன்பெல்லாம் சாப்பிட்டேன், இப்போது இல்லை’ என்பதுதான்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. ‘தாத்தா தினமும் கோயிலுக்குப் போவார்’ என்று இன்றும் போகிற தாத்தாவைப் பற்றிச் சொல்லலாம். முன்னால் ‘அப்பல்லாம்’ என்று சேர்த்தால், காலமாகிவிட்ட தாத்தாவுக்கும் அதே ‘போவார்’ பொருந்தும். ‘போவது வழக்கம்’ என்றாலும் பெரும்பாலும் இன்றைய பழக்கம்தான். வழக்கம் என்றால் ‘யூஸ்ட் டு’ என்று மனப்பாடம் செய்தவர்கள் அதை எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அது கடந்த காலத்துக்கு மட்டும். இன்னும் தொடர்கிறது என்றால் ‘அண்ட் ஐ ஸ்டில் டூ’ என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

இன்றைய பழக்கத்துக்கு என்ன சொல்வது? ரொம்ப எளிது: “ஐ டேக் டேப்லெட்ஸ் எவ்ரி டே.” வழக்கமாக என்ற சாயல் வேண்டுமா, ‘ஐ யூஷுவலி கெட் அப் அட் ஃபைவ்’ போதும். நிகழ்காலம்தானே என்று டி எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு ‘ஐ யூஸ் டு கோ’ என்று எழுதுகிறார்கள், அப்படி ஒரு வடிவம் இன்றைய ஆங்கிலத்தில் கிடையாது.

அடுத்த சிக்கல், முன்னால் ‘ஆம், இஸ், ஆர்’ வரும்போது. “ஐ ஆம் யூஸ்ட் டு த கோல்ட்” என்றால் குளிர் எனக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். இதில் ‘ஆம்’ விட்டுப்போனால் வாக்கியமே நிற்காது. இங்கே ‘டு’வுக்குப் பின் பெயர்ச்சொல் வர வேண்டும், வினை வந்தால் ‘இங்’ சேர வேண்டும். ஆகவே “ஐ ஆம் யூஸ்ட் டு வேக் அப் எர்லி” தவறு, “யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி” சரி. சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு ‘திஸ்’ போட்டுப் பாருங்கள். “ஐ ஆம் யூஸ்ட் டு திஸ்” பொருள் தருகிறது, அதனால் ‘இங்’ தேவை. “ஐ யூஸ்ட் டு திஸ்” உளறலாக இருக்கிறது, அங்கே வெறும் வினை. இன்னும் பழகிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் “ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு இட்.”

“த நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் வெஜிடபிள்ஸ்” என்பது வேறு சங்கதி. கத்தி காய் நறுக்கப் பயன்படுகிறது, அவ்வளவுதான். பழக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அங்கே ‘இங்’ வேண்டாம்.

நன்றாக ஆங்கிலம் பேசுபவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. “ஐ யூஸ்ட் டு லிவ் இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்கிறார்கள். மொத்தம் எத்தனை வருடம், எத்தனை தடவை என்று கணக்குச் சொல்லிவிட்டால் ‘யூஸ்ட் டு’ வராது. “ஐ லிவ்டு இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்று சாதாரண இறந்தகாலத்திலேயே முடித்துவிட வேண்டும். ‘வாரம் 3 முறை’ மாதிரி திரும்பத் திரும்ப நடப்பதைச் சொன்னால் மட்டும் பரவாயில்லை.

எதிர்மறையிலும் கேள்வியிலும் ‘டிட்’ வந்துவிடுவதால் டி எழுத்து போய்விடும்: “ஐ டிட்ன்ட் யூஸ் டு லைக் காபி”, “டிட் யூ யூஸ் டு ஸ்மோக்?” பேசும்போது டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காதில் ஒரே ஒலிதான். அதனால் ஆங்கிலேயர்களே இதை மாற்றி எழுதுவதுண்டு. பரீட்சையில் டி இல்லாமல் எழுதிவிடுங்கள், மார்க் போகாது.