மூன்றாவது ஹெட்போனில் கிடைத்த நிம்மதி

பேச்சுப் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. தினமும் 6 மணி நேரம் காதில் ஹெட்போன் இருக்கும். 700 ரூபாய்க்கு வாங்கியது ஐந்தே மாதத்தில் இடது பக்கம் கேட்காமல் போனது. அடுத்ததும் அப்படியே.

இரண்டிலும் பழுது ஒரே இடத்தில்தான்: செருகும் பின்னுக்குள் வயர் நுழையும் கழுத்துப் பகுதி. வளைத்துப் பிடித்தால் சத்தம் வரும், விட்டால் போய்விடும். ஸ்பீக்கர் நன்றாகவே இருந்தது. அந்த இடத்தை வெட்டி, புது 3.5 மி.மீ. பின் வைத்துப் பற்றவைக்கப் பார்த்தேன். ஈயம் ஒட்டவே இல்லை. உள்ளே மயிரிழை போன்ற செப்புக் கம்பிகளில் தெரியும் சிவப்பும் பச்சையும் எனாமல் பூச்சு. அது மின்சாரத்தைக் கடத்தாது. சால்டரிங் நுனியில் ஈயத்தோடு வைத்து அந்தப் பூச்சைச் சுட்டெடுத்த பிறகுதான் பிடித்தது. இரண்டு காதிலும் சத்தம் வந்தபோது அப்படி ஒரு சந்தோஷம்!

ஆனால் காது வலி தீரவில்லை. ஹெட்போனின் மெத்தை காதின் மேலேயே அழுத்தி, கண்ணாடிக் காம்போடு சேர்த்து நசுக்கியது. ரெக்சின் உரிந்து கறுப்புத் துகள்கள் வியர்வையோடு கன்னத்தில் ஒட்டின.

அடுத்து வாங்கும்போது காதைச் சுற்றி உட்கார்கிற மாடல், கழற்றி மாட்டும் வயர், தனியாக விலைக்குக் கிடைக்கும் மெத்தை, இந்த மூன்றையும்தான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றாமலே கடையில் கால் மணி நேரம் மாட்டிக்கொண்டு இருந்தேன். விலை 1,800 ரூபாய். இரண்டு வருடம் ஆகிறது. துணி மெத்தை ஒருமுறை மாற்றினேன், வயர் ஒருமுறை. சரி, துணி மெத்தையில் வெளிச்சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் மே மாத வெயிலில் ரெக்சின் போல வியர்த்து ஒட்டுவதில்லை, அதுவே எனக்குப் போதும்.