இலவச இணையவழிப் பாடத்தில் சேர்ந்தால், அதை முடிப்பது எப்படி?

2011-ஆம் ஆண்டு கணினி அறிவியலாளர்களான செபாஸ்டியன் துருனும் பீட்டர் நார்விக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தியபோது, உலகெங்கிலுமிருந்து ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். இறுதிவரை வந்தவர்களோ 20,000-க்குச் சற்றுக் கூடுதல். மறு ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ் ஆகிய இணையவழிப் பாடத் தளங்கள் தொடங்கின. உயர்கல்வியின் கதவு உண்மையிலேயே திறந்தது; ஆனால் சேர்பவர்களில் பெரும்பாலோர் பாதியில் நின்றுவிடும் நிலை இன்றும் மாறவில்லை.

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் இணைந்து நடத்தும் என்பிடெல் பாடங்களை எடுத்துக்கொள்வோம். இந்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் இவற்றில் சேரவும் படிக்கவும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தலைப்பின் கவர்ச்சியைப் பார்க்காமல், முன்னரே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற குறிப்பை முதலில் படியுங்கள். பல பாடங்களில் முதல் வாரத்துக்கு முன்பே ஒரு தொடக்கப் பயிற்சி தரப்படுகிறது. அதில் பாதிக் கணக்குகள் கூடப் போட முடியவில்லையென்றால், அதற்கு அடிப்படையான பாடத்தை முதலில் முடித்துவிட்டு அடுத்த பருவத்தில் வருவதே நல்லது.

படிக்கும் முறையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். காணொளியைப் பார்த்துக்கொண்டே போனால் எல்லாம் புரிந்ததுபோல் தோன்றும். வினாவைத் தொட்டவுடன்தான் புரியாத இடம் தெரியும். ஆகவே அந்த வாரத்து வினாக்களை முதலில் வாசித்துவிட்டு விரிவுரைக்குப் போங்கள். ஆசிரியர் ஒரு சமன்பாட்டை எழுதத் தொடங்கியதும் காணொளியை நிறுத்தி, அடுத்த வரியை நீங்களே தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஆங்கில விரிவுரை வேகமாகத் தோன்றினால், பல பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவம் கிடைக்கிறது. தரவிறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இணையம் நிலையாக இல்லாத ஊர்களில் இருப்போர், கல்லூரியிலோ நூலகத்திலோ வாரத்துக் காணொளிகளை மொத்தமாக இறக்கிக்கொள்வது நல்லது.

இரண்டு வாரம் தவறியதும் மனம் தளர்ந்து விட்டுவிடுவோர் மிக அதிகம். அதற்குத் தேவையே இல்லை. என்பிடெல்லின் பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த 8 வாராந்தரப் பயிற்சிகளின் சராசரிதான் 25 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படும், தேர்வுக்கு 75. பயிற்சியில் 10, தேர்வில் 30 பெற்றாலே சான்றிதழ் உண்டு.

கோர்செராவில் சில பாடங்களைக் கட்டணமின்றிப் பார்க்க முடிந்தாலும், மதிப்பிடப்படும் பயிற்சிகளும் சான்றிதழும் பெரும்பாலும் கட்டணத்துக்கு உரியவை. நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். முடிவு தெரியச் சில நாட்கள் ஆகும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கல்லூரி மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படித்து, அதன் மதிப்பளவை (கிரெடிட்) பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிமுறை இடம் தருகிறது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பதை உங்கள் கல்விநிறுவனமே முடிவு செய்யும். ஆகவே தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே துறைத்தலைவரிடம் எழுத்துவடிவில் ஒப்புதல் பெற்றுவிடுங்கள்.