நள்ளிரவு விமானம்: பயணத்தின் முதல் இரவில் செய்யும் தவறுகள்

சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்களில் சில நள்ளிரவு கடந்த பிறகே புறப்படுகின்றன. முதல் தவறு இந்தத் தேதிக் கணக்கில்தான் நடக்கிறது. டிக்கெட்டில் 15ஆம் தேதி 01.50 என்று இருந்தால், 14ஆம் தேதி இரவே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நின்றால், விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

இதைவிடப் பரவலான தவறு, அந்த இரவைப் பயணத்தில் சேர்க்காமலே விட்டுவிடுவது. மாலைவரை அலுவலகம், அதன்பின் பெட்டி கட்டுதல், கடைசியில் ஓட்டம். விமானத்தில் தூங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் அன்றைய ஓய்வு முழுவதும் பறிபோகிறது. உட்கார்ந்தபடி தூங்குவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. முந்தைய நாளே பெட்டியைக் கட்டிவிட்டு, அன்று மாலை கொஞ்சம் படுத்தெழுவது எவ்வளவோ மேல்.

பிராங்க்பர்ட் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் அந்த ஊர் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். இங்கே 1.50 என்றால் அங்கே முந்தைய இரவு 10.20, படுக்கப் போகும் நேரம். ஆகவே ஏறியதும் கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கண்ணை மூடுவதே நல்லது. வீட்டிலேயே அளவாகச் சாப்பிட்டிருந்தால், மூன்று மணிக்கு வரும் சாப்பாட்டுத் தட்டுக்காக விழித்திருக்க வேண்டியதில்லை. சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே வெளியில் தெரியும்படி மாட்டிக்கொண்டால், அதைச் சரிபார்க்கப் பணிப்பெண்கள் எழுப்பவும் மாட்டார்கள்.

நம் வீட்டுப் பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், செய்யும் ஒரு தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டுமே என்ற கூச்சத்தில் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறைக்கும் போகாமல் இரவு முழுவதும் அசையாமல் இருந்துவிடுகிறார்கள். விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் குறைவு; காற்றழுத்தமும் ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருப்பது போலத்தான். நெடுநேரம் காலை அசைக்காமல் இருந்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. டிக்கெட் எடுக்கும்போதே அவர்களுக்கு நடைபாதையோர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். தூக்க மாத்திரையை முதன்முறையாக விமானத்தில் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். மதுவோடு சேர்த்து வேண்டவே வேண்டாம்.

மாத்திரைகளையும் இன்சுலினையும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. சரக்குப் பகுதியின் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம். பெட்டி வராமலும் போகலாம். இவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். பவர் பேங்க்கும் அப்படியே, அது விதி.

காலையில் இறங்கியதும் நேரே ஓட்டலுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று எண்ணுவது இன்னொரு தவறு. பெரும்பாலான ஓட்டல்களில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும். பெட்டிகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு மைன் ஆற்றங்கரையில் வெயில் படும்படி நடந்தால், உடம்பு அந்த ஊர்ப் பகலுக்குப் பழகத் தொடங்கும். குழந்தைகளோ முதியவர்களோ உடன் வந்தால் முந்தைய இரவுக்கும் சேர்த்தே அறையைப் பதிவு செய்துவிடுங்கள். மறுநாள் காலையில்தான் வருவோம் என்று ஓட்டலுக்கு முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள். சொல்லாவிட்டால், வரவில்லை என்று கருதி அறையை ரத்து செய்துவிடக்கூடும்.