பேஸ்பால் வீடியோ கேம்களில் மெய்யான பந்துவீச்சுக் கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலை அடிப்படையாகக் கொண்ட எம்எல்பி தி ஷோ வரிசையின் கேம் ஒன்றில் அமைப்புகளுக்குள் சென்று பந்துவீச்சுப் பகுதியைத் திறந்தால், கிளாசிக், பல்ஸ், மீட்டர், பியூர் அனலாக், பின்பாயிண்ட் என ஐந்து முறைகள் இருப்பதைக் காணலாம். உண்மையான ஆட்டத்தைப் போலவே விளையாட விரும்புபவர்களில் பலர், இவற்றுள் மிகக் கடினமானதே மிக மெய்யானது என்று எண்ணிப் பின்பாயிண்ட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் கடினம் வேறு, மெய்த்தன்மை வேறு. வீசிய பந்து இலக்கைத் தவறும்போது, அந்தத் தவறு திரையில் நிற்கும் பிட்சருடையதா (பந்து வீசுபவர்), கண்ட்ரோலரைப் பிடித்திருக்கும் நம் விரலுடையதா என்ற கேள்வியிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும்.

களத்தின் அளவுகளைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். பிட்சர் கால் பதிக்கும் பலகைக்கும், மட்டையாளர் அருகில் நிற்கும் தகடான ஹோம் பிளேட்டுக்கும் இடையிலான தூரம் 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். ஹோம் பிளேட்டின் அகலமோ 17 அங்குலம், ஏறத்தாழ 43 செ.மீ. மட்டுமே. பிட்சர் முன்னோக்கிக் காலெடுத்து வைத்து வீசுவதால், பந்து அவர் கையை விட்டுப் பிரியும் இடம் பிளேட்டுக்குச் சற்று நெருக்கமாக, சுமார் 17 மீட்டர் தொலைவில் அமைகிறது. அந்தப் புள்ளியில் கோணம் ஒரு பாகை பிசகினாலும் பந்து பிளேட்டை அடையும்போது ஏறத்தாழ 30 செ.மீ. விலகியிருக்கும், பிளேட்டின் நடுவை நோக்கி வீசிய பந்து அதன் விளிம்பைத் தாண்டி வெளியே போக இதுவே போதும். ஆகவே மிகச் சிறந்த பிட்சர்களும் இலக்கைத் தவறுகிறார்கள். எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு தூரம் தவறுகிறார்கள் என்பதில்தான் ஒருவருக்கும் மற்றொருவருக்கும் வேறுபாடு இருக்கிறது.

அந்த வேறுபாடு எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதற்கு இரண்டு பருவங்களை எடுத்துக்கொள்வோம். 1977-இல் நோலன் ரயன் என்ற பிட்சர் 299 இன்னிங்ஸ் வீசி 341 ஸ்டிரைக் அவுட்களை (மூன்று ஸ்டிரைக்குகளால் மட்டையாளரை வெளியேற்றுவது) எடுத்தார். அதே பருவத்தில் 204 வாக்குகளையும் (walk) கொடுத்தார். பிளேட்டுக்கு மேலே மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட ஸ்டிரைக் ஸோனுக்கு வெளியே நான்கு பந்துகள் போய், மட்டையாளர் அவற்றை அடிக்க முயலாவிட்டால், அவர் முதல் தளத்துக்குத் தானாகச் செல்வதே வாக்கு. 1997-இல் கிரெக் மேடக்ஸ் 232 இன்னிங்ஸுக்கு மேல் வீசிக் கொடுத்த வாக்குகள் வெறும் 20. இருவருமே பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் முறையில், இப்படி எதிரெதிரான இரண்டு பிட்சர்களை ஒரே ஆள் இயக்கினாலும் அவர்கள் தங்கள் இயல்போடு வெளிப்பட வேண்டும். உங்கள் விரல் தேர்ச்சி பெற்றுவிட்டது என்பதற்காக இருவரும் ஒரே துல்லியத்தோடு ஸ்டிரைக் ஸோனின் மூலைகளைத் தொட்டால், அங்கே விளையாடுவது நீங்கள் மட்டும்தான். அந்தப் பிட்சர்கள் வெறும் சீருடைகள்.

கேமுக்குள் பிட்சரின் பங்கைச் சுமப்பவை அவருடைய கட்டுப்பாட்டு மதிப்பெண், களைப்பு, அந்த நேரத்துத் தன்னம்பிக்கை, வீசும் பந்தின் வகை ஆகியவை. தி ஷோவில் இவையெல்லாம் சேர்ந்து இலக்கைச் சுற்றியுள்ள ஒரு வட்டத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. நம் உள்ளீடு குறையின்றி அமைந்தாலும் பந்து அந்த வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். உள்ளீடு பிசகினால் அதற்கும் வெளியே போகும். வட்டத்துக்குள் நிகழும் விலகல் பிட்சருடையது, அதைத் தாண்டிய விலகல் நம்முடையது. ஒவ்வொரு கட்டுப்பாட்டு முறையும் இந்த இரண்டு பங்குகளையும் வேறு வேறு விகிதத்தில் கலக்கிறது.

கிளாசிக் முறையில் பந்தின் வகையையும் இடத்தையும் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்துவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. எஞ்சியதை மதிப்பெண்கள் பார்த்துக்கொள்கின்றன. இதைத் தொடக்க நிலையினருக்கானது என்று பலர் ஒதுக்கிவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஓர் அணியின் முழுப் பருவத்தையும் நடத்துபவர், பதின்மூன்று பிட்சர்களையும் அவரவர் திறமைக்கேற்ப வெளிப்படுத்த விரும்பினால், பிட்சரின் பங்கு மிக அதிகமாக இருக்கும் முறை இதுதான். எந்தப் பந்தை, ஸோனுக்கு வெளியே போன பந்துகளும் ஸ்டிரைக்குகளும் எத்தனை என்ற எந்த எண்ணிக்கையில், எங்கே வீசுவது என்ற சிந்தனைக்கு இது முழு இடம் தருகிறது. இதன் குறை, வீசும் உணர்வு கையில் கிடைக்காது என்பதே.

பல்ஸ் முறையில் இலக்கின் மேல் ஒரு வட்டம் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். அது மிகச் சிறியதாக இருக்கும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். பிட்சர் களைத்துப்போனாலோ நெருக்கடியில் சிக்கினாலோ அந்த வட்டத்தின் நடத்தையும் கடினமாகிறது. நம் பங்கு உண்டு, ஆனால் அது ஒரே ஒரு அழுத்தத்தின் நேரத்துக்குள் அடங்கிவிடுவதால் பிட்சரின் மதிப்பெண்ணை அது விழுங்கிவிடுவதில்லை. கணினிக்கு எதிராக நீண்ட பருவம் விளையாடுபவருக்கு முதலில் முயன்று பார்க்கச் சொல்லி நான் பரிந்துரைப்பது இதையே.

மீட்டர் பழைய முறை. முதல் அழுத்தத்தில் தொடங்கி, இரண்டாவதில் விசையையும், திரும்பி வரும்போது மூன்றாவதில் துல்லியத்தையும் தீர்மானிக்கிறது. விசையை நாமே கூட்டிக் குறைக்க முடிவதால், முக்கியமான தருணத்தில் கூடுதல் முயற்சியோடு வீசும் பிட்சரின் மனநிலை இதில் நன்றாக வெளிப்படுகிறது. ஆனால் பழகப் பழக மூன்றாவது அழுத்தம் கைக்குப் பழக்கமாகி, எல்லாப் பிட்சர்களும் ஒரே மாதிரி ஆகத் தொடங்குவார்கள். 2011-இல் அறிமுகமான பியூர் அனலாக்கில் வலப்பக்க ஸ்டிக்கைக் கீழே இழுத்து, உரிய நேரத்தில் இலக்கின் திசையில் மேலே தள்ள வேண்டும். கையின் அசைவும் பந்தின் திசையும் ஒன்றோடொன்று பொருந்துவது இதன் தனிச்சிறப்பு. பந்தைச் சற்று முன்னதாகவோ தாமதமாகவோ விட்டால் என்ன ஆகும் என்பதை இதைவிட நன்றாக வேறெந்த முறையும் உணர்த்துவதில்லை.

பின்பாயிண்ட் 2021-இல் வந்தது. ஒவ்வொரு வகைப் பந்துக்கும் ஒரு தனி வடிவம் உண்டு. அந்த வடிவத்தை ஸ்டிக்கால் வரைந்து, சுருங்கிவரும் வட்டம் பொருந்தும் நேரத்தில் இறுதி அசைவைச் செய்ய வேண்டும். வடிவம், நேரம், கோணம் மூன்றும் மதிப்பிடப்படுகின்றன. நேரான வேகப்பந்தைவிட வளைபந்தின் வடிவம் சிக்கலானது என்பதால், நன்றாக வளையும் பந்தை அடக்குவது கடினம் என்ற உண்மை இதில் கைக்கே புரிகிறது. ஆனால் விரல் தேறியபின் இதுவே எல்லா முறைகளிலும் அதிகத் துல்லியத்தைத் தரும். இணையத்தில் பிறருடன் போட்டியிடுபவர்கள் இதை விரும்புவதற்குக் காரணமும் அதுதான். போட்டியில் வெல்வதற்கு அது நியாயமான தேர்வு. மெய்யான ஆட்டத்துக்கு அது தானாகவே சரியான தேர்வாகிவிடாது. ஒரே ஒரு பிட்சராக உங்களையே உருவாக்கிக்கொண்டு விளையாடும் ரோடு டு தி ஷோ பகுதியில் நிலைமை வேறு. அங்கே உங்கள் விரலின் வளர்ச்சியும் அந்த இளம் பிட்சரின் வளர்ச்சியும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பதால் பின்பாயிண்ட்டோ பியூர் அனலாக்கோ மிகவும் பொருந்தும்.

இனி, உங்களுக்குப் பொருந்தும் முறையைச் சோதித்துக் கண்டறியும் வழி. விளையாட்டின் போக்கில் தானாக மாறும் கடினநிலையை முதலில் நிறுத்திவிட்டு, பந்துவீச்சுக்கு ஒரு நிலையான கடினநிலையை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டுப்பாட்டு மதிப்பெண் மிக உயர்ந்த ஒருவரையும் மிகத் தாழ்ந்த ஒருவரையும் தேர்ந்தெடுத்து, ஒரே எதிரணிக்கு எதிராக, ஒரே முறையில், ஆளுக்குச் சில முழு ஆட்டங்கள் வீசுங்கள். இருவரிடமும் ஒரே பாணியில் இலக்கு வைப்பது முக்கியம். முதலாமவருக்கு மூலைகளையும் இரண்டாமவருக்கு நடுவையும் நோக்கி வீசினால் ஒப்பீடு கெட்டுவிடும்.

ஆட்டம் முடிந்ததும் எண்களைப் பாருங்கள். இன்றைய மேஜர் லீக் ஆட்டத்தில் வீசப்படும் பந்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவையே ஸ்டிரைக்காகப் பதிவாகின்றன (மட்டையாளர் அடிக்க முயன்ற பந்துகளும் இதில் சேரும்). ஸ்டிரைக் ஸோனுக்குள் உண்மையிலேயே வந்து சேர்பவை சுமார் பாதிதான். ஓர் அணி ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக மூன்றை ஒட்டிய எண்ணிக்கையில் வாக்குகளைக் கொடுக்கிறது. உங்கள் ஆட்டத்தில் நூற்றில் எண்பது பந்துகள் ஸ்டிரைக்காகி, பல ஆட்டங்கள் வாக்கு ஒன்றுமே இல்லாமல் கழிந்தால், அந்த முறையில் உங்கள் கை பிட்சரை மறைத்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் வாக்குகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. கணினியின் மட்டையாளர்கள் வெளியே போகும் பந்துகளைப் பொறுமையின்றி அடிக்க முயன்றால், பிட்சர் எவ்வளவு தடுமாறினாலும் வாக்குகள் குறைவாகவே வரும். ஆகவே குறிவைத்த இடத்துக்கும் பந்து போய்ச் சேர்ந்த இடத்துக்கும் இடையிலான தூரத்தைக் கவனியுங்கள். குறிப்பாக, வெளிமூலையை நோக்கி வீசிய பந்து நடுவுக்கு நழுவுவது எத்தனை முறை நிகழ்கிறது என்று பாருங்கள். உண்மையான ஆட்டத்தில் பல ஹோம் ரன்கள் இத்தகைய நழுவல்களில் பிறப்பதால், இது அறவே நிகழாத முறை எதுவாயினும் அதை நான் மெய்யானது என்று ஏற்கமாட்டேன்.

இரண்டு பிட்சர்களின் எண்களும் தெளிவாக விலகி நின்றால் முறை சரி. விலகல் இருக்கிறது, ஆனால் இருவருமே அளவுக்கு மீறித் துல்லியமாக இருக்கிறார்கள் என்றால் முறையை மாற்ற வேண்டியதில்லை. அமைப்புகளில் கூட்டிக் குறைக்கக்கூடிய அளவுகோல்களான பிட்சர் கண்ட்ரோல், பிட்சர் கன்சிஸ்டன்சி ஆகிய ஸ்லைடர்களில் ஒன்றை மட்டும் ஒரு படி குறைத்து, மீண்டும் அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நகர்த்தினால் எது என்ன செய்தது என்று அறிய முடியாது. இருவருக்கும் இடையே வேறுபாடே தெரியவில்லையென்றால், ஸ்லைடர்களைத் தொடாமல் முறையையே மாற்றுங்கள். பின்பாயிண்ட்டிலிருந்து மீட்டருக்கோ, மீட்டரிலிருந்து பல்ஸுக்கோ ஒரு படி இறங்கிப் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு முன் கருவிகளைச் சரிபார்த்துவிடுவது நல்லது. தொலைக்காட்சியில் கேம் மோடை இயக்காவிட்டால் படம் தாமதமாக வரும். மீட்டர், பல்ஸ் ஆகியவற்றில் அந்தத் தாமதம் முழுவதும் உங்கள் பிழையாகப் பதிவாகும். ஸ்டிக் தேய்ந்து ஒரு பக்கமாக இழுக்கும் கண்ட்ரோலரில் பின்பாயிண்ட், பியூர் அனலாக் இரண்டையும் நியாயமாக மதிப்பிட முடியாது. இவை பிட்சரின் தவறும் அல்ல, உங்கள் தவறும் அல்ல.

தேர்ச்சி கூடும்போது விகிதமும் மாறுவதால், பருவத்தின் நடுவில் ஒருமுறை அதே இரண்டு பிட்சர்களைக் கொண்டு எண்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். கட்டுப்பாடு குறைந்தவரின் வாக்குகள் குறைந்துகொண்டே வந்து மற்றவரை நெருங்கினால், கன்சிஸ்டன்சி ஸ்லைடரை இன்னொரு படி குறைப்பதற்கான நேரம் வந்துவிட்டது.