தாத்தாவின் பிரெஞ்சு ராணுவச் சான்றிதழ்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துச் சொல்தா குடும்பங்களில் (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்களில்) பழைய பெட்டியைத் திறந்தால் 'செர்த்திஃபிக்கா தெ போன் கொந்துயித்' என்று தலைப்பிட்ட தாள் ஒன்று கிடைக்கலாம். படையிலிருந்து விடுபடும் சிப்பாய்க்கு அவருடைய ரெஜிமெண்ட் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் அது. அச்சடித்த படிவம். பெயர், எண், பிரிவு மட்டும் மையால் எழுதியிருக்கும். கீழே முத்திரையும் அதிகாரிகளின் கையெழுத்தும். குடும்ப வரலாறு எழுதுபவர்கள் பலர் இந்த ஒரு தாளை நம்பித்தான் தொடங்குகிறார்கள். அதைத் தப்பாகப் படித்தால் தாத்தாவின் கதையே வேறு யாருடைய கதையோ ஆகிவிடும்.

அச்சடித்த வாசகத்தைத் தாத்தாவுக்கென்றே எழுதிய பாராட்டாக எடுத்துக்கொள்வது முதல் தவறு. "மரியாதையோடும் விசுவாசத்தோடும் எப்போதும் பணியாற்றினார்" என்ற பொருளில் வரும் வரி எல்லோருக்கும் பொதுவானது. மரியாதை, விசுவாசம் என்ற அதே இரண்டு சொற்களை, வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சு ராணுவப் பிரிவான அந்நியப் படையணி 1920 முதல் தன் கொடிகளில் ஏந்துகிறது. அதை வைத்து 'தாத்தா அந்நியப் படையணியில் இருந்தார்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மையால் எழுதியது மட்டுமே அவரைப் பற்றிய செய்தி.

அதிகம் சறுக்குவது கையெழுத்தில்தான். கையெழுத்திட்ட அதிகாரிதான் தாத்தாவைப் போருக்கு நடத்திச் சென்றவர் என்று நினைத்துக்கொள்கிறோம். சான்றிதழ் தயாரிப்பது அலுவலக வேலை. விடுபடும் நாளில் அந்தப் பிரிவின் பொறுப்பில் யார் இருந்தாரோ அவர் கையெழுத்திடுவார். தாத்தாவின் முகத்தைக்கூட அவர் பார்த்திருக்க வேண்டியதில்லை. 'கர்னல்' என்று அச்சிட்ட இடத்தில் 'பார் ஓர்த்ர்' என்பதன் முதலெழுத்துகள் இருந்தால், கர்னலின் உத்தரவுப்படி வேறொருவர் கையெழுத்திட்டிருக்கிறார் என்று பொருள். அவர் வெறும் கேப்டனாகவும் இருக்கலாம்.

அப்புறம் புகழ்பெற்ற பெயர்கள். 'மாங்ஜேன்' என்று கண்டதும் சூடானின் ஃபஷோதாவுக்குப் படையோடு போன, முதல் உலகப் போரில் பெயரெடுத்த தளபதி சார்ல் மாங்ஜேன் என்று துள்ளக் கூடாது. அவருடைய சகோதரரும் காலனிப் படையில் கேப்டன். 1908இல் மொரித்தானியாவில் கொல்லப்பட்டார். பெயர், அந்தத் தேதியில் அவருக்கிருந்த பதவி, அந்தத் தேதியில் அவர் இருந்த பிரிவு, இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் ஆள் சரி. அந்தந்த ஆண்டின் ராணுவ அதிகாரிகள் பட்டியல்களில் பலவற்றைப் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கலிக்கா தளத்தில் பார்க்கலாம். பிரான்சின் உயரிய விருதான லெஜியன் தொனர் பெற்று 1977க்கு முன் இறந்தவராக இருந்தால் லெயோனோர் தரவுத்தளத்தில் தேடிப் பாருங்கள்.

பதவிப் பெயர்களிலும் கவனம் வேண்டும். 'மரெஷால் தெ லோஜி' மார்ஷல் இல்லை, குதிரைப்படையின் சார்ஜெண்ட். 'அத்ஜுதான்' அதிகாரி வரிசையிலேயே வராது. நம் ஊரில் மேஜர் என்று சொல்லும் பதவி அங்கே 'கொமாந்தான்'.

பிரிவின் பெயரைப் பார்த்து ஊரையும் இனத்தையும் ஊகிப்பதும் தவறு. 'அன்ஃபாந்தரி தெ மரீன்' (சொல்லுக்குச் சொல் 'கடற்படைக் காலாட்படை') என்றிருந்தால் அவர் மாலுமி இல்லை, தரைப்படைக்காரர். 1900இல் அந்தப் படையைப் போர் அமைச்சகத்துக்கு மாற்றியபோது அதன் பெயர் காலனி காலாட்படை ஆயிற்று. 'செனகல்' தீரையர்கள் என்ற ஆப்பிரிக்கக் காலாட்படையினரில் மாலி, கினி, ஐவரி கோஸ்ட், தகோமே (இன்றைய பெனின்) என மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். தெற்குப் பிரான்சின் ஃப்ரெஜுஸ் நகர முத்திரை இருந்தால் அவர் அங்கே போரிட்டார் என்று ஆகாது. முதல் உலகப் போரில் காலனிப் படைகள் குளிர்காலத்தைக் கழித்த முகாம்கள் அங்கேதான் இருந்தன.

நம் பெயர்களின் எழுத்துக்கூட்டல் தனி வேதனை. பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே ஆள் இரண்டு தாளில் இரண்டு விதமாக இருப்பார். போதாததற்கு, 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி திருமணம், சொத்துரிமை போன்றவற்றில் தங்கள் சமூகத்தின் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்'கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்தார்கள். பெயர் பொருந்தவில்லை என்று தாளை ஒதுக்கிவிடாதீர்கள்.

மிகவும் செலவு வைக்கும் தவறு ஒன்று உண்டு. இந்தச் சான்றிதழைக் காட்டினால் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்கு ஒப்படைத்த, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் பார்ப்பது பிறந்த இடம், அன்று வசித்த இடம், ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்த விருப்பம் ஆகியவற்றைத்தான். புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வசித்தவர் விருப்பம் தெரிவிக்காவிட்டால் இந்தியர் ஆனார். அங்கே பிறந்து வியட்நாமின் சைகோனில் வசித்தவர் பிரெஞ்சுக்காரராகவே நீடித்தார். தாத்தா எவ்வளவு நல்ல சிப்பாயாக இருந்தார் என்பது அந்தக் கணக்கில் வராது.

தாளை லாமினேட் செய்யவே கூடாது. சூடும் பசையும் ஏறிய பிறகு அதைப் பழையபடி பிரிக்க முடியாது.

சரி, மேலே எப்படித் தேடுவது? 'மத்ரிக்கூல்' என்ற படைப் பதிவு எண்ணைப் பாருங்கள். ஆள்சேர்ப்பு அலுவலகம் கொடுத்த எண் வேறு, ரெஜிமெண்ட் கொடுத்த எண் வேறு. ஆள்சேர்ப்புப் பதிவேட்டில் தேட முதலாவதுதான் வேண்டும். 'கிளாஸ் 1912' என்றால் சேர்ந்த ஆண்டு இல்லை, 20 வயது நிரம்பிய ஆண்டு. ஆகவே பிறப்பு 1892. சிப்பாய்களின் கோப்புகள் பல பிரான்சின் பாவ் நகரத்துப் படைப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதிகாரிகளின் கோப்புகளுக்கு, பாரிஸை அடுத்த வென்சேனில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகம். காப்பகத்துக்கு எழுதும்போது பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும், கிளாஸையும், இரண்டு எண்களையும் சேர்த்தே கொடுங்கள்.