ஒரே செட்டாப் பாக்ஸ், இரண்டு டிவி: நீங்களே கனெக்‌ஷன் கொடுப்பது எப்படி?

ஹாலில் ஒரு டிவி, பெட்ரூமில் ஒரு டிவி, ஆனால் டிடிஹெச் பாக்ஸ் ஒன்றுதான். இரண்டிலும் படம் வர வேண்டும் என்றால் பெரும்பாலான வீடுகளில் ஒரு கேபிள் வாங்கினாலே போதும். ஆள் கூப்பிட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். ஒரு பாக்ஸ் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் டிவிக்கு அனுப்பும். ஹாலில் அப்பா நியூஸும் உள்ளே பாட்டி சீரியலும் ஒரே சமயத்தில் பார்க்க நினைத்தால் இந்த வழி உதவாது. அதற்கு என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன். இரண்டு அறையிலும் ஒரே சேனல் போதும், இல்லை ஒரு நேரத்தில் ஏதோ ஒரு டிவிதான் ஓடும் என்பவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

படி 1: பாக்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள்

மரை போட்ட துளையில் திருகியிருப்பது டிஷ்ஷிலிருந்து வரும் வயர். அதில் கை வைக்க வேண்டாம். அதிலிருந்து ஒரு கிளை எடுத்து நேராக டிவியில் செருகினாலும் படம் வராது.

அதன் பக்கத்தில் தட்டையாக இருப்பது ஹெச்டிஎம்ஐ. ஹால் டிவி இதில்தான் இருக்கும். அப்புறம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள், அல்லது ஹெட்போன் துளை அளவில் ‘ஏவி’ என்று எழுதிய ஒரே துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் இரண்டாவது டிவிக்கு வழி கிடைத்துவிட்டது. பல பாக்ஸ்களில் ஹெச்டிஎம்ஐயும் ஏவியும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

படி 2: வயர் இழுக்கும் முன் சோதியுங்கள்

சுவரில் ஓட்டை போட்ட பிறகு படம் வரவில்லை என்றால் வேதனை. அதனால் இரண்டாவது டிவியை ஹாலுக்கே தூக்கி வந்து, சின்ன ஏவி கேபிளில் பாக்ஸுடன் இணையுங்கள். செருகும்போது பாக்ஸ் ஆஃபில் இருக்கட்டும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. டிவி ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ பட்டனை அழுத்தி ஏவியைத் தேர்ந்தெடுங்கள்.

ஹெட்போன் மாதிரி முனை உள்ள கேபிள் என்றால் ஒரு சிக்கல் வரலாம். எல்லாம் சரியாகச் செருகியும் திரை கறுப்பாகவே இருக்கும், ஸ்பீக்கரில் ‘உர்ர்’ என்று இரைச்சல் வரும். அந்த முனையில் உள்ள வளையங்களின் வரிசை கேபிளுக்குக் கேபிள் மாறும். பாக்ஸுடன் வந்த கேபிள் இருந்தால் அதையே போடுங்கள். இல்லாவிட்டால் டிவி பக்கம் மஞ்சள் துளையில் சிவப்பு பின்னைச் செருகிப் பாருங்கள், பிறகு வெள்ளையை. நிறத்தை நம்பாமல் படம் எதில் வருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

இப்போது ஹால் டிவியை ரிமோட்டில் அணையுங்கள். இரண்டாவது டிவியில் படம் தொடர்ந்தால் நல்லது. பாக்ஸும் சேர்ந்து தூங்கிவிட்டால், ஹால் டிவி செட்டிங்கில் ‘ஹெச்டிஎம்ஐ சிஇசி’ என்பதை ஆஃப் செய்யுங்கள். சாம்சங்கில் அது ‘எனிநெட் பிளஸ்’, எல்ஜியில் ‘சிம்ப்ளிங்க்’, சோனியில் ‘பிராவியா சிங்க்’ என்ற பெயரில் இருக்கும்.

படி 3: வயர்

நூல் பிடித்து அளந்து பாருங்கள். வயர் கதவு நிலையைச் சுற்றி, சுவர் ஓரமாகத்தான் போகும் என்பதால் நேர்த்தூரத்தை நம்ப வேண்டாம். ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாகவே வாங்குங்கள். கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் இதை நுழைக்காதீர்கள். படத்தில் கோடு ஓடும், பாதுகாப்பும் இல்லை. தனியாகக் கேசிங் பட்டி அடித்துக்கொள்ளுங்கள்.

ஏவியில் வருவது ஹெச்டி படம் கிடையாது. 24 இன்ச் டிவியில் அது உறுத்தாது. 43 இன்ச்சில் எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரியும். பெட்ரூமில் இருப்பது பெரிய டிவி என்றால் அடுத்த வழிக்கு வாருங்கள்.

படி 4: இரண்டிலும் ஹெச்டி வேண்டுமா?

ஹெச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வாங்குங்கள். கடையில் கேட்கும்போது கவனம்: ஒரு இன்புட், இரண்டு அவுட்புட், தனி பவர் அடாப்டர் உள்ளதுதான் வேண்டும். பார்க்க அதே மாதிரி இருக்கும் ‘ஸ்விட்ச்’சை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மேலே ஒரு பட்டன் இருந்தால் சந்தேகப்படுங்கள். அதில் ஒரு நேரத்தில் ஒரு டிவிக்குத்தான் படம் போகும்.

பாக்ஸிலிருந்து ஸ்பிளிட்டரின் இன்புட்டுக்கு ஒரு கேபிள், அங்கிருந்து இரண்டு டிவிக்கும் தனித்தனிக் கேபிள். அவ்வளவுதான். ஒரு டிவி ஃபுல் ஹெச்டி, மற்றது ஹெச்டி ரெடி என்றால் பாக்ஸ் செட்டிங்கில் ரெசல்யூஷனை (படத் தெளிவு) 720பி வைத்துவிடுங்கள், இரண்டும் ஒத்துப்போகும். ஒன்றில் மட்டும் ஒலி வரவில்லையா? பாக்ஸின் ஆடியோவை டால்பியிலிருந்து ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள்.

10 மீட்டர் வரை தரமான ஹெச்டிஎம்ஐ கேபிள் தாங்கும். அதைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரலாம், மின்மினியாகப் புள்ளி தெரியலாம். அந்தத் தூரத்துக்கு நெட்வொர்க் கேபிளில் அனுப்பும் ‘கேட்-6 எக்ஸ்டெண்டர்’ நல்லது. இன்னொரு லாபம், ஹெச்டிஎம்ஐ முனை நுழைய சுவரில் பெரிய ஓட்டை வேண்டும். கேட்-6 வயரைச் சின்ன ஓட்டையில் விட்டு, முனையைப் பிறகு கிரிம்ப் செய்துகொள்ளலாம், அதாவது அதற்கான இடுக்கியால் அழுத்திப் பொருத்தலாம்.

படி 5: ரிமோட்

இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். படம் பெட்ரூமுக்கு வந்துவிட்டது, சேனல் மாற்ற ஹாலுக்கு ஓட வேண்டுமா? ‘ஐஆர் எக்ஸ்டெண்டர்’ என்று கேட்டு வாங்குங்கள். அதன் ஒரு முனையில் உள்ள ‘கண்’ணைப் பெட்ரூம் டிவி அருகே ஒட்ட வேண்டும், மறுமுனையில் உள்ள சின்ன எல்இடியை பாக்ஸின் முகப்பில் ரிமோட் சிக்னல் வாங்கும் இடத்துக்கு நேராக ஒட்ட வேண்டும். ஒரு விரல் தள்ளி ஒட்டினாலும் வேலை செய்யாது. டார்ச் அடித்து உள்ளே கறுப்புப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒட்டுங்கள். சில கேட்-6 எக்ஸ்டெண்டர்களில் இந்த வசதி சேர்ந்தே வருகிறது.

ஹாலில் டிவியும் பாக்ஸும் ஒரே ஸ்விட்ச்சில் இருந்தால் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தூங்கப் போகிறவர் போர்டை அணைத்ததும் பெட்ரூமில் கிளைமாக்ஸ் போய்விடும்.

வேறு வேறு சேனல் வேண்டுமென்றால்

டிஷ் வயரில் ‘டி’ போட்டு இரண்டு பாக்ஸுக்குப் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாக்ஸ் அந்த வயர் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் எந்த அலை வேண்டும் என்று எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் சிக்னல் வாங்கும் கருவி) சொல்கிறது. ஒரே வயரில் இரண்டு பாக்ஸ் இரண்டு விதமாகச் சொன்னால் ஒன்றில் சில சேனல்கள் காணாமல் போகும். டிஷ் அதேதான், இரண்டு அவுட்புட் உள்ள எல்என்பி, இரண்டாவது வயர், இரண்டாவது பாக்ஸ் என்று உங்கள் நிறுவனத்திடமே ‘மல்டி டிவி’ கனெக்‌ஷன் கேளுங்கள். இரண்டாவது டிவிக்கான நெட்வொர்க் கட்டணம் முதல் டிவியினுடையதில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. 2024இல் கட்டண உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். அதனால் மாதத்துக்கு எவ்வளவு கூடும் என்று கேட்டுக்கொண்டு பிறகு சரி சொல்லுங்கள்.