பணியில் இருந்தபடியே சந்தைப்படுத்தலில் முதுநிலைச் சான்றிதழ் பெறுவது எப்படி?

பட்டம் பெற்றுப் பணியில் சேர்ந்தபின் சந்தைப்படுத்தலை முறையாகக் கற்க விரும்புவோருக்கு, எம்.பி.ஏ. அளவுக்குக் காலமும் பணமும் கேட்காத முதுநிலைச் சான்றிதழ் படிப்பு நல்ல வழியாகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது பெரும்பாலும் 4 முதல் 6 பாடங்களைக் கொண்டது. ஆஸ்திரேலியாவில் முழுநேரமாகப் படிப்பவர்கள் பொதுவாக அரையாண்டில் முடித்துவிடலாம். பணியில் இருப்பவர்கள் பருவத்துக்கு ஒன்றிரண்டு பாடங்களாகப் பிரித்து எடுப்பதே உகந்தது.

விண்ணப்பிக்கும் முன், இங்கே பெறும் கிரெடிட்கள் (முடித்த பாடங்களுக்குப் பல்கலைக்கழகம் தரும் மதிப்பலகுகள்) பின்னர் அதே பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டத்திலோ எம்.பி.ஏ.விலோ சேர்த்துக்கொள்ளப்படுமா, எத்தனை ஆண்டுகளுக்குள் சேர வேண்டும், குறைந்தபட்ச மதிப்பெண் எவ்வளவு என்பவற்றை எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். சேர்க்கை அலுவலர் தொலைபேசியில் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஒருசில நாள்களில் முடியும் இணையவழிப் பயிற்சிகளும் சான்றிதழ் என்ற பெயரிலேயே விற்கப்படுவதால், கிரெடிட் உண்டா என்ற கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. வணிகக் கல்விக்கான ஏ.ஏ.சி.எஸ்.பி. போன்ற அங்கீகாரம் அந்நிறுவனத்துக்கு இருந்தால் கூடுதல் நம்பிக்கை கொள்ளலாம்.

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, சமூக ஊடகம், தேடுபொறி விளம்பரம் போன்ற, கருவிகள் மாறினால் பழையதாகிவிடும் பாடங்களைவிட நுகர்வோர் நடத்தை, சந்தை ஆய்வு, தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எடுத்துக்காட்டாக, ஆண்டுதோறும் 80 விழுக்காடு வாடிக்கையாளர்கள் தங்கிவிடும் நிறுவனத்தில், ஆண்டுக்கு 20 விழுக்காட்டினர், அதாவது ஐந்தில் ஒருவர் விலகுவதால், ஒரு வாடிக்கையாளர் சராசரியாக 5 ஆண்டுகள் நீடிப்பார். தங்குவோரை 90 விழுக்காடாக உயர்த்தினால் விலகுவோர் பத்தில் ஒருவராகக் குறைந்து, அது 10 ஆண்டுகளாகிவிடும். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டவர், புதியவர்களை ஈர்க்கும் விளம்பரத்துக்கு எவ்வளவு, இருப்பவர்களைத் தக்கவைக்க எவ்வளவு என்று அடுத்த வரவுசெலவுத் திட்டக் கூட்டத்திலேயே தெளிவாக வாதிட முடியும்.

ஆகவே, ஒப்படைப்புகளுக்குக் கற்பனை நிறுவனங்களைத் தேடாமல், உங்கள் அலுவலகத்தில் விடை கிடைக்காமல் நிற்கும் ஒரு சிக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனைத் தரவைப் பயன்படுத்த மேலாளரின் அனுமதியைப் பெற்று, வாடிக்கையாளர் பெயர்களை நீக்கிவிட வேண்டும்.

கட்டணத்தை ஈடுசெய்யும் திட்டம் உங்கள் நிறுவனத்தில் இருந்தால், பதிவு செய்வதற்கு முன்பே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பல இடங்களில் பதிவு செய்தபின் வைக்கப்படும் கோரிக்கைகளை ஏற்பதில்லை. குறிப்பிட்ட மதிப்பெண் பெற வேண்டும், படித்து முடித்தபின் குறிப்பிட்ட காலம் அங்கேயே பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருக்கக்கூடும் என்பதால், வேலை மாறும் எண்ணம் உள்ளவர்கள் அந்த ஒப்பந்தத்தை முழுமையாகப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.